காவல் மேட்டில் தொலைந்த நாய்

பிளந்த பாறைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ரேமண்ட் யெல்லண்டுக்குப் பகீரென்றது.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்து வந்திருந்தார். போர்க்காலத்தில் எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்கக் கட்டிய காவல் குடில், கூரை போய் நாலு சுவராக நின்றது. அதன் வாசலிலிருந்து வடக்கே நாற்பது தப்படி, பிளந்த பாறைக்கு அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரை. தன் நோட்டில் அதைக் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மேடெங்கும் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு இது. இப்படித் தொண்ணூற்றொன்பது பெட்டி ஆகிவிட்டது. நூறு ஆனால்தான் பேட்ஜ்.

மனைவி தெல்மா நேற்றே கேக்கின் மேல் '100' என்று எழுதி, தன் தம்பி கார்டனையும் விருந்துக்கு அழைத்துவிட்டாள். கார்டன் ஏழு வருடம் முன்பே பேட்ஜ் வாங்கியவன். பைஜாமாவில்கூட அதைக் குத்திக்கொள்கிற ஜென்மம். இன்று வெறுங்கையோடு போனால் கேக்கை விட மானம்தான் முதலில் துண்டாகும்.

ஆனால் வேற்றாள் பார்க்கும்போது பெட்டியைத் தொடக் கூடாது. அது இந்த விளையாட்டின் விதி.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" அந்த அம்மாள் மழைக்கோட்டைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"நாயை," என்றார் ரேமண்ட். அவர் வீட்டில் பூனைகூடக் கிடையாது.

"அடடா! பேரென்ன?"

ரேமண்டின் கண் அவர் கையிலேயே இருந்தது. "பிஸ்கட்."

"கீழே ஓடைப் பக்கம்தான் போயிருக்கும். போய்ப் பாருங்க."

"இல்ல மேடம், அது இங்கேயேதான் சுத்தும். மழை வேற வரப்போகுது, நீங்க கிளம்புங்களேன்."

"எனக்கு மழைன்னா உயிர்."

மழை வந்தது. இரண்டு பேரும் நனைந்தார்கள். யாரும் நகரவில்லை.

அப்போது சிவப்புச் சட்டை போட்ட ஒரு தம்பதி அந்தப் பக்கமாக நடந்து வந்தார்கள்.

"இவரோட நாயைக் காணோமாம்!" என்று அம்மாள் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "எல்லாருமாக் கீழே போய்த் தேடுங்க. எனக்கு முழங்கால் வலி."

"என்ன நிறம் சார்?" என்று கேட்டார் கணவர்.

"பிரவுன்," என்றார் ரேமண்ட். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு எந்த நிறமானால் என்ன? "நீங்க போங்க. அது திரும்பி வந்தா நான் இங்க இருக்கணுமே."

"பிஸ்கட்! பிஸ்கட்!" என்று கத்திக்கொண்டே இருவரும் இறங்கினார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் தொல்லை. அரை மணி நேரத்தில் ஒரு பிரவுன் நாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு! ரொம்பப் பயந்து போயிருக்கு சார், வரவே மாட்டேங்குது."

"அப்புறமென்ன, கூட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க!" என்றார் அம்மாள், அளவில்லாத மகிழ்ச்சியோடு.

ரேமண்ட் வாயைத் திறப்பதற்குள் ஒரு விவசாயி மேடேறி ஓடி வந்தார். "யாருய்யா என் நாயை இழுத்துக்கிட்டு வந்தது? அறுபது ஆடும் மூலைக்கொன்னா ஓடிப்போச்சு!"

எல்லோரும் ரேமண்டைப் பார்த்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம்தான் இருந்தது; நடந்து போகவே இரண்டு மணி நேரம் ஆகும்.

"எனக்கு நாயே கிடையாது!" என்று வெடித்தார் ரேமண்ட். "பெட்டிக்காகத்தான் வந்தேன். நூறாவது பெட்டி! விதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

பாய்ந்துபோய்ப் பாறைக்கு அடியில் கையை விட்டார். ஈரமண்தான் இருந்தது. கார்டனின் முகம் கண்முன்னே வந்து சிரித்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்கு அழுகை வந்தது.

அந்த அம்மாள் மெதுவாக எழுந்து மழைக்கோட்டை விலக்கி, தான் உட்கார்ந்திருந்த பச்சைப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? வேத்தாள் பார்க்கறப்போ திருப்பி வைக்கக் கூடாதேன்னு, நீங்க வந்ததிலேருந்து இதும்மேலதானே உட்கார்ந்திருக்கேன்!"