ஐம்பதுக்குச் சைபர்

மைத்துனியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியலையே" என்று கேட்டதுதான் டைம்டேபிள் செய்த ஒரே பிழை. அதுவரை அவருடைய மறதி ஒழுங்காக, நேரம் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

பத்து நாள் தங்கும் உத்தேசத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்திருந்த மைத்துனி, அன்று மாலையே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். காரியம் என்னவோ வெற்றிதான். ஆனால் போகிற வழியிலேயே டைம்டேபிளின் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்கு என்னையே தெரியலடி" என்று சொல்லிவிட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் மறுநாள் காலை வாசலில் நின்றாள். ஒரு மைத்துனியை அனுப்பி ஒரு மகளை வரவழைத்துக்கொள்வது என்ன பேரம் என்று டைம்டேபிள் யோசித்திருக்கவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓய்வூதியத் தாளோடு சரி. ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்ட்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, ஒரு நாளும் புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொன்னதற்காக ஊர் வைத்த பெயர்தான் டைம்டேபிள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் வாயைத் திறந்தாலே போதும், "அஞ்சு நாப்பது, மூணாவது பிளாட்பாரம், இருபது நிமிஷம் லேட்டு" என்று விழும். ஒரு முறை ஒருவர் கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்தார். அவரும் மறு பேச்சில்லாமல் அந்த ரயிலில் ஏறிப் போய்விட்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்ற மறுநாள், மனைவி அவர் கையில் ஒரு காய்கறிப் பையைத் திணித்தாள். "கால் கிலோ பீன்ஸ், அரைக் கிலோ தக்காளி, ரெண்டு எலுமிச்சம்பழம்." நானூறு ரயில்களைச் சுமந்த தலையில் அந்த மூன்றும் நிற்கவில்லை. மனிதர் ஒரு துடைப்பத்தோடு திரும்பி வந்தார்.

மனைவி துடைப்பத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "சரி விடுங்க. நாளையிலேர்ந்து நானே போயிக்கறேன்."

அந்த 'நானே'யில் டைம்டேபிளுக்கு ஞானம் பிறந்தது. முதல் மறதி மட்டும்தான் தற்செயல். அதற்கப்புறம் ஓடியதெல்லாம் அட்டவணைப்படி. மின்கட்டணம் கட்டும் வரிசையை மறந்தார். மூட்டுவலிக் கதை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரை மறந்தார். ரயில் நேரமெல்லாம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று யாராவது குடைந்தால் பதில் தயார்: "பழசு நிக்கும், புதுசு நிக்காது. பேப்பர்லயே போட்டிருக்கான்." ஞாயிற்றுக்கிழமை உடல்நலப் பக்கத்தை அவரைப் போல் ஊன்றிப் படித்த நோயாளி உலகத்தில் கிடையாது.

மனசை உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் மறக்க ஆரம்பித்த ஆறாம் மாதம் மனைவிக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாரப் பத்திரிகையில் மூழ்கிவிடுவாள். பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் பழுத்த பிறகுதான் தலை நிமிரும். துணியை ஊறப்போட்டால் மூன்றாம் நாள் வாடை வந்து சொல்ல வேண்டும். நடிக்கிற வீட்டில் இப்படி அசலாகவே ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டதே என்று டைம்டேபிள் ஒரு நாள் கால் மணி நேரம் முழுசாக வருத்தப்பட்டார். பிறகு காலை அடுப்பைத் தானே பார்த்துக்கொண்டார். அப்புறம் துணி. அப்புறம் பாத்திரம். மனைவி மாடிவீட்டுக்காரியோடு மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்து, நாலு பீன்ஸும் நாற்பது ஊர்க்கதையுமாகத் திரும்பி வருவாள். நடந்தால் மூளைக்கு நல்லதாம். பேப்பரில் போட்டிருந்தான்.

போன மாதம் மகள் வந்து அவளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்ததும் டைம்டேபிள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்னமோ சொன்னாரு" என்றாள் மனைவி. "மறந்துபோச்சு."

மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்கியது. அன்றிலிருந்து ராத்திரிப் பாத்திரத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது அதே மகள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, போனில் ஏதோ ஒன்றை இறக்கிக் காட்டினாள்.

"அப்பா, இது புதுசு. ஒரு நிமிஷம் பேசினா போதும். குரலை வெச்சே மூளை எப்படி இருக்குன்னு சொல்லிடும்."

போனில் ஒரு சமையலறைப் படம். அதைப் பார்த்துத் தோன்றியதைப் பேச வேண்டும். டைம்டேபிளுக்கு ஒலிபெருக்கிப் பழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்திலிருந்த பாத்திரம், பூனை, சன்னல், சன்னலுக்கு வெளியே இருந்த மரம் வரை வரிசையாக, தெளிவாக அறிவித்து முடித்தார். போன் பச்சையாக மின்னியது. 'மிகச் சிறப்பு.'

"பரவாயில்லையே" என்றாள் மனைவி. "அப்ப நாளைக்கு மார்க்கெட்டுக்கு நீங்களே போகலாம்."

டைம்டேபிள் போனை விடாமல் பிடித்துக்கொண்டார். "இரும்மா, இன்னொரு தடவை பேசறேன். மொதல்ல சரியா பேசல" என்றார். இந்தத் தடவை பூனையை 'அது' என்றார். சன்னலை 'இது' என்றார். நடுவில் ஒரு பாசஞ்சர் ரயில் நின்று போகும் அளவுக்கு இடைவெளி விட்டார். போன் சிவந்தது. 'உடனடியாக நரம்பியல் மருத்துவரை அணுகவும். அதுவரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.'

மகள் எழுந்து, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "டாக்டர் எழுதிக் கொடுத்தாதான் இனிமே சாவி."

அந்தக் காரின் கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது, இன்னொன்று வெளியிலிருந்து திறக்காது. ஆனாலும் டைம்டேபிளின் ராஜ்ஜியம் அதில்தான் ஓடியது. தினமும் மாலை பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போய், தன் பழைய கவுண்ட்டர் இருந்த இடத்தில் இப்போது தொங்கும் திரைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரை தப்பாகக் காட்டும். இவர் திருத்துவார். ஜனங்கள் திரையை விட்டுவிட்டு இவரைச் சுற்றி நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்தார்.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல் இரண்டு பஸ் மாறிப் போனார். போய்ச் சேர்வதற்குள் ஆறு பத்து ரயில் போய்விட்டது. திரை இரண்டாவது பிளாட்பாரம் என்று காட்டியிருக்கிறது. ரயில் ஐந்தாவதில் வந்து கிளம்பியிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இரண்டாவது பிளாட்பாரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். டைம்டேபிளால் அதைப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது சாவியை வாங்கிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

சிக்கல் அங்கேதான். டாக்டரிடம் நன்றாகச் செய்தால் சாவி வரும். கூடவே காய்கறிப் பையும் வரும், மைத்துனியும் வருவாள். மோசமாகச் செய்தால் பை வராது, சாவியும் வராது. ஆகவே பாதி நன்றாக, பாதி மோசமாக. ஓட்டுகிற அளவுக்கு மூளை இருக்க வேண்டும், தக்காளி வாங்குகிற அளவுக்கு இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தலையைக் குழாய்க்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டுப் போன வாரம்தான் இங்கே சேர்ந்தவர். படித்ததெல்லாம் சூடு ஆறாமல் இருந்தது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் காலிக் காய்கறிப் பை. "திரும்பும்போது மார்க்கெட் பக்கம் போகணும்ல" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மகள் காரை நிறுத்தப் போயிருந்தாள்.

"சார், முன்னெல்லாம் மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ரொம்ப கஷ்டம்" என்றார் டாக்டர். "இப்ப ரத்தத்துலயே பாத்துடலாம். மறதிக் கோளாறு இருந்தா ஒரு புரதம் காட்டிக் கொடுத்துடும். அதைக் கரைக்கறதுக்கு மருந்துகூட வந்தாச்சு."

"எனக்கு எவ்வளவு இருக்கு?"

"அதான் ஆச்சரியம். ஒண்ணுமே இல்ல. ஸ்கேனும் சுத்தம். ஆனா சொந்த மைத்துனியைத் தெரியல." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இது யாரும் இதுவரைக்கும் எழுதாத நோயா இருக்கலாம் சார். மாநாட்டுல உங்களைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்."

டைம்டேபிளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் வியர்த்தது.

"ஒரு கடிகாரம் வரைங்க. பதினொண்ணு பத்து காட்டணும்."

இதைக் கோணலாக வரைய வேண்டும் என்று பேப்பரில் படித்து வைத்திருந்தார். ஆனால் முப்பத்திரண்டு வருடம் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்திய கை. அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. வட்டம் தட்டு வைத்து வரைந்ததுபோல் விழுந்தது; முட்கள் அரை நிமிடம்கூடப் பிசகாமல் நின்றன. போதாக்குறைக்கு வாயும் சேர்ந்துகொண்டது. "பதினொண்ணு பத்துன்னா ஒண்ணாவது பிளாட்பாரம். ஞாயித்துக்கிழமை கிடையாது."

டாக்டர் ஏதோ எழுதினார். பேனா துள்ளியதைப் பார்த்தால் முழு மதிப்பெண் போலிருந்தது. டைம்டேபிளின் கண்ணில் காய்கறிப் பை ஊசலாடியது. சரி, போனது போகட்டும், அடுத்ததில் முட்டை வாங்கினால் கூட்டிக் கழித்துப் பாதி வந்துவிடும் என்று தேறுதல் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது படச் சோதனை. அதை நடத்த ஒரு டெக்னீஷியன் அம்மா வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் பாதித் தூக்கம். திரையில் ஐம்பது படங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. குடை, நாற்காலி, ஏணி, வாத்து. பிறகு இரண்டிரண்டாக வந்தன. ஒன்று முன்பு பார்த்தது, மற்றது புதுசு.

"பாத்த படத்தைத் தொடுங்கய்யா" என்றார் டெக்னீஷியன் அம்மா. "கொஞ்சம் கஷ்டமான டெஸ்ட்தான். பொறுமையா பண்ணுங்க."

குடையும் செருப்பும் வந்தன. பார்த்தது குடை. டைம்டேபிள் நெற்றியைத் தடவி, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, செருப்பைத் தொட்டார். ஏணியும் வாளியும் வந்தன. வாளியைத் தொட்டார். ஐம்பதிலும் ஒன்றுகூட விடவில்லை. கடைசி வாத்து வரை கவனமாக, சிரத்தையாக, அத்தனையும் தப்பு. நாற்காலியில் சாய்ந்தபோது நல்ல வேலை பார்த்த களைப்பு இருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மாநாடு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போயிற்று.

"சார், ஐம்பதுக்குச் சைபர்."

"வயசாயிடுச்சுல்ல டாக்டர்."

"அது இல்ல சார். இது பாக்கத்தான் கஷ்டமான டெஸ்ட். நிஜமாவே மறதி இருக்கறவங்ககூட நாப்பது, நாப்பத்தஞ்சு வாங்கிடுவாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டுக் குருட்டாம்போக்குல தொட்டாகூட இருபத்தஞ்சு பக்கம் வரும். சைபர் வாங்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. ஐம்பது படமும் அச்சு பிசகாம ஞாபகம் இருக்கணும்."

டைம்டேபிள் மேசை விளிம்பைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"உங்க வயசுல இப்படி ஒரு ஞாபக சக்தியை நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர். "தாராளமா வண்டி ஓட்டலாம். ரயிலே ஓட்டலாம். எழுதித் தரேன்."

"டாக்டர் தம்பி, ஒரு உதவி." டைம்டேபிள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "வண்டி ஓட்டலாம்னு மட்டும் எழுதுங்க. மத்ததை எழுதாதீங்க. எனக்காகக் கேக்கல. வெளிய உக்காந்திருக்காளே, என் சம்சாரம், அவளுக்குத்தான் பாவம் நிஜமாவே மறதி. பால் பொங்கினாகூடத் தெரியாது. நான் இத்தனை நாளா நடிச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. வெள்ளந்தி. அவளுக்காகத்தான் நான் விடியக்காலையில எழுந்து டீ போடறேன், துணி துவைக்கறேன், மூணு வேளைப் பாத்திரமும் கழுவறேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டாக்டருக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

மூலையில் திரைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் அம்மா, கொட்டாவியை விரலால் மறைத்தபடி திரும்பினார்.

"பதினோரு வருஷமா இந்த டெஸ்டை நடத்தறேன் டாக்டர். சைபர் வாங்கினவங்க ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தர் இவரு. இன்னொருத்தர் போன மாசம் மகளோட வந்தாங்க. வெளிய காய்கறிப் பையோட உக்காந்திருக்காங்களே, அந்த அம்மா."