நானூறு பக்கப் புத்தகமும் ஒரு துண்டுச் சீட்டும்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். நம்பிக்கை பொய்த்தால் உடனே எழுது. உன் மருமகளின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்த் திரும்பி வந்தது.

என் வழக்கம் உனக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தியே தேய்ந்த கை. படித்து முடித்த புத்தகம் எதுவானாலும் துண்டுச் சீட்டில் நாலு வார்த்தை எழுதி உள்ளே செருகினால்தான் தூக்கம் வரும். உதாரணமாக, சமீபத்தில் ஒரு துப்பறியும் நாவலுக்கு, ‘கொலைகாரன் யாரென்று எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது; துப்பறிபவருக்குச் சொல்லத்தான் வழியில்லை’ என்று எழுதினேன். முதுகுவலிப் பயிற்சி நூலுக்கு, ‘எழுத்து மிகச் சிறியது, குனிந்து படித்ததில் வலி கூடியது.’ பொருளாதார நூலுக்கு, ‘ஆசிரியருக்குப் புரிந்திருக்கிறது. வாழ்த்துகள்.’ சமையல் நூலுக்கு, ‘படங்கள் அருமை. எங்கள் அடுப்பில் வந்தது வேறு.’ பேய்க்கதைகளுக்கு, ‘பேய்கள் பரவாயில்லை. அந்த வீட்டு மனிதர்களைப் பார்த்துத்தான் பயந்தேன்.’

இதெல்லாம் யாரையும் கடிக்காது. மாப்பிள்ளையின் அப்பா புத்தகம்தான் கடித்தது. அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வேலைக்காகச் சுற்றிய ஊர்களைப் பற்றி நானூறு பக்கம் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, என்னிடம் ஒரு பிரதி தந்து, “வாத்தியார் படிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லணும். தேதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்று போய்விட்டார். படித்தேன். சீட்டும் எழுதினேன்: ‘நூறு பக்கம் கடந்தும் வண்டி கிளம்பவில்லை. கிளம்பிய பிறகு, நின்றிருந்ததே தேவலை என்று தோன்றியது.’

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. என்ன குறைஞ்சுடப் போறீங்க?”

“தலைமையாசிரியர் மகனுக்கே முட்டை போட்ட கைம்மா இது.”

“அந்தக் கையாலதான் என் தலையில மண்ணை வாரிப் போடப் போறீங்க.”

அவள் கண் கலங்கியதும் எனக்கு மனம் இளகிவிட்டது. சீட்டை எடுத்துவிட்டு, வாயால் ஏதாவது பூசி மெழுகிவிடலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் நேற்றுக் காலை நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். ஈரத்தலையோடு ஓடி வந்தால், கூடத்து நாற்காலியில் அவர், மடியில் புத்தகம், மூக்கில் கண்ணாடி, கையில் சீட்டு. மகள் கதவோரம் கல்லாய் நிற்கிறாள். நான் துண்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்:

‘ஒரு வரியும் வீணில்லை. முடிந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.’

சம்பந்தி அம்மாள் நிமிர்ந்தார். “ஒரு வரிகூடவா? செருப்பு அறுந்ததை முப்பது பக்கம் எழுதியிருக்காரே, அதுவுமா?”

“நீ சும்மா இரு. வாத்தியாரே சொல்லிட்டார்” என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சம்பந்தி, தேதியை நீங்களே சொல்லுங்க. எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்.”

தம்பி, அது நான் உன் கவிதைகளுக்கு எழுதிய சீட்டு! அலமாரியைத் துடைக்கும்போது மின்விசிறிக் காற்றில் எல்லாச் சீட்டும் பறந்துவிட்டதாகவும், பொறுக்கி அங்கங்கே செருகியதாகவும் உன் அக்கா பிறகு சொன்னாள். அந்த மின்விசிறிக்கு மாலை போட்டாலும் தகும். தராசு நடுங்கும்போது காற்று வந்து தட்டை நேராக்கியதுபோல எனக்கு இருந்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு மார்க்கும் கூட்டிப் போடவில்லை, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

அச்சுக்குப் போகுமுன் படிக்கச் சொல்லி நீ அனுப்பிய அந்தத் தொகுப்பை உன் அக்காவே கட்டி நேற்று மாலை தபாலில் சேர்த்துவிட்டாள். உள்ளே சீட்டு இல்லையே என்று வருந்தாதே. உனக்குரிய பாராட்டு சம்பந்தியின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே குடும்பத்தோடு வந்துவிடு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நம்மைவிடக் குறைவாக எழுதி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உன் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். “காத்தாவது கூத்தாவது. விசிறி ஓடவே இல்ல. எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் மாத்தி வெச்சேன்” என்கிறாள். அப்படியானால் சம்பந்தி புத்தகத்துக்கு எழுதிய சீட்டு எங்கே என்று கேட்டேன். “எங்கேயாவது வைக்கணுமே. என் தம்பி புத்தகத்துல வெச்சேன். கூடப் பொறந்தவன்தானே, தாங்கிக்குவான்” என்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது வந்து சேர்ந்திருக்கும். கவிதைகளைக் கிழித்துப் போட்டிருந்தால், தயவுசெய்து பசை வாங்கி ஒட்டிவிடு. உன் வண்டி முதல் பக்கத்திலேயே கிளம்பிவிட்டதப்பா.