நாற்பது பேரை வாசலில் நிறுத்திய மூன்று நொடி

நான் இன்றுவரை அதிகம் வெட்கப்படுவது, ஒழுங்காக வேலை செய்த ஒரு சர்வருக்காக. (ஒழுங்காக வேலை செய்யாத சர்வர்களுக்கெல்லாம் வெட்கப்படுவதென்றால் ஆயுசு போதாது.)

அப்போது ஐந்து ஊர்களில் கடை வைத்திருந்த ஒரு காய்கறி மண்டிக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். தலைமைக் கடை வத்தலக்குண்டில். காலை ஏழு மணிக்கு ஏலம் தொடங்கும். ஐந்து ஊர் வியாபாரிகள் நாற்பது பேரும் கடையிலுள்ள கம்ப்யூட்டரில் ஏலம் கேட்பார்கள். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று வேலையை வாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தேன். செய்தவள் சும்மா இருந்தாளா? "ஏலம் நடக்கும்போதே மாத்திக் காட்டுறேன்ணே, ஒருத்தருக்கும் தெரியாது" என்று மேனேஜர் ராஜபாண்டி அண்ணனிடம் சவால் விட்டேன். திமிர், வேறென்ன?

அன்று லீவில் மலைமேல் கிளாவரையில் எங்கள் வீட்டில் இருந்தேன். அப்பாவின் அந்தப் போகத்துக் கேரட் மொத்தமும் அன்றைய ஏலத்தில்தான் நின்றது. ஒன்பதரைக்கு வெளியூர் லாரிகள் கிளம்பிவிடும்; அதற்குள் விலை போனால்தான் உண்டு. (பெற்ற தகப்பன் சரக்கை வைத்துச் சோதனை செய்த மகள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்திதான்.)

ஏழே முக்காலுக்கு முதல் சர்வரை நிறுத்தினேன். மூன்றே நொடியில் இரண்டாவது எழுந்து நின்றது. அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். அதற்குள் ராஜபாண்டி அண்ணன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னத்தப் பண்ணித் தொலைச்ச? எல்லாக் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டு கேக்குது!"

பாஸ்வேர்டு போட்டு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை முதல் சர்வர் தன் மனசுக்குள்ளேயே வைத்திருந்தது. அதை இரண்டாவதுக்குச் சொல்ல நான் ஏற்பாடு செய்யவில்லை. புதுசுக்கு நாற்பது பேரும் முன்பின் தெரியாதவர்கள். பதறிப்போய் பழையதை எழுப்பினேன். அதுவும் தூங்கி எழுந்ததில் எல்லோரையும் மறந்திருந்தது.

"பாஸ்வேர்டப் போடச் சொல்லுங்கண்ணே."

"எந்தப் பாஸ்வேர்டு? நீதானம்மா ஒவ்வொரு கடையா வந்து போட்டுட்டுப் போன!"

உண்மைதான். எனக்கும் ஒன்றுகூட ஞாபகமில்லை. மறந்தால் ஓடிபி வரும். யார் நம்பருக்கு? வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாற்பது பேருக்கும் என் நம்பரையே கொடுத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலோ கேபிள் நெட் உண்டு, செல்போன் டவர் கிடையாது. டவர் வேண்டுமென்றால் மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

ஓடினேன். தொட்டியருகே நின்றதும் ஓடிபிகள் கொட்டின. எது யாருடையது என்று ஒன்றிலும் இல்லை.

"அண்ணே, நாலு, எட்டு, ரெண்டு, ஒண்ணு..."

"யாருக்கும்மா?"

"தெரியலண்ணே, எல்லாருக்கும் போட்டுப் பாருங்க!"

"வெரசா சொல்லும்மா, இங்க ஆளுக அடிக்க வர்றாய்ங்க!"

ஒவ்வொரு எண்ணும் இரண்டு நிமிஷத்தில் செத்தது. ஒன்பதரைக்குள் ஆறு பேர் உள்ளே போனார்கள். ஆறு பேரில் ஒருவர்கூடக் கேரட் வாங்குகிறவர் இல்லை. அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அப்பா மேடேறி வந்து பக்கத்தில் நின்றார்.

"நம்ம சரக்கு என்னாச்சு தாயி?"

போனை அவர் பக்கம் நீட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, அழுகாத. வீட்டுக்கு வா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் வாடிப்போனதைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டோம். அன்றிலிருந்து நான் ஊருக்குப் போய்க் கதவைத் தட்டினால், "ஓடிபி சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எங்கள் வீட்டு அண்ணி ஆரம்பித்து வைத்தது. அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

சர்வரையெல்லாம் சரி செய்துவிட்டேன். இப்போது எத்தனை தடவை மாற்றினாலும் ஒருவரும் வெளியே விழுவதில்லை. ஆனால் அடுத்த போகத்தில் அப்பாவின் கேரட் மூட்டைகள் வேறொரு மண்டி லாரியில் ஏறின.

"ஏம்ப்பா, மக இருக்குற மண்டிய விட்டுட்டு?"

அப்பா மூட்டையைத் தட்டிக் கொடுத்தார். "அங்க ஏலம் விடுறவருக்கு என் மூஞ்சி தெரியும் தாயி."