சூப்பர் கம்ப்யூட்டரில் நாற்பது காலிக் குடங்கள்

வரிசையில் இடம்பிடிப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். மாரியூரில் பிறந்தவளுக்கு அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும். கடல் வாசல்வரை வரும். குடிதண்ணீர் மட்டும் லாரியில்தான் வரும். லாரி வருவதற்கு முன்பே தெருவில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆள் பிறகு வந்தால் போதும். குடம் இருக்கும் இடம் நம் இடம்.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் பாதியைப் படுக்க வைத்தேன்.

அப்போது ஆராய்ச்சியில் இரண்டாம் ஆண்டு. பாம்பனையொட்டிய கடலில் அலை எப்படி எழும்பும் என்று கணக்கிடுவது என் வேலை. (என் அய்யா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் வானத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்வதை நான் சில வருடங்களில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.) அந்தக் கணக்கு மடிக்கணினியில் ஓடாது. குளிரூட்டிய அறையில் பீரோ பீரோவாக நிற்கும் அந்தப் பெரிய இயந்திரத்தில்தான் ஓடும். எல்லாத் துறைக்காரர்களும் அதற்குத்தான் வேலை அனுப்புவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் என்று பெயர். ஜாப்கள் வரிசையில் காத்திருக்கும். முறை வந்ததும், கேட்ட இடத்தைக் கேட்ட நேரத்துக்கு இயந்திரம் ஒதுக்கிக் கொடுக்கும்.

வியாழக்கிழமை ஆய்வுக் குழு என்னைப் பரிசீலிக்க இருந்தது. அலைக் கணக்கின் முடிவைக் காட்டினால் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். இல்லையென்றால் "யோசிப்போம்" என்று நெறியாளர் சொல்லியிருந்தார். அவர் யோசித்து யாரும் பிழைத்ததாக வரலாறு இல்லை.

நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியில் எட்டிப் பார்த்தால் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடந்தது. என் கணக்கோ தயாராகவில்லை. கடலாழக் கோப்பில் ஏதோ பிழை. அதன்படி பாம்பனுக்குப் பக்கத்து ஊரான தங்கச்சிமடம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருந்தது. திருத்த ஒன்றரை நாள் ஆகும். திருத்திவிட்டு வரிசைக்குப் போனால் வியாழன் தாண்டிவிடும்.

அப்போதுதான் எனக்குள் இருந்த மாரியூர்க்காரி விழித்துக்கொண்டாள். ஒரு குடத்தைப் போட்டு வைத்தால் என்ன?

'இரண்டு நாள் சும்மா தூங்கு' என்ற ஒரே கட்டளை கொண்ட ஜாப் ஒன்றை எழுதினேன். அது இடத்தைப் பிடித்ததும் நான் உள்ளே நுழைந்து நிஜக் கணக்கை ஓட்டிக்கொள்ளலாம். ஒன்று போதும்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு குடத்தை நம்பி யாரும் இருப்பதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாலைந்து போடுவோம். அந்தப் பழக்கத்தில் நாற்பது போட்டேன். (அந்த எண்ணிக்கைக்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.)

திங்கட்கிழமை காலை தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு போய் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது போன் அடித்தது. கம்ப்யூட்டர் மையத்தின் பொறுப்பாளர். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால், குடங்களை விட்டுவிட்டுத் தெருமுனைப் பனைமரத்தடிக்கு ஓடினேன்.

"ஏம்மா, நேத்து சாயங்காலத்துலருந்து உங்க ஜாப் நாப்பதும் ஓடுது. பாதி மெஷின் உங்ககிட்டதான் இருக்கு."

யாருடைய பெரிய வேலையோ முடிந்து இடம் காலியாக, நாற்பதும் மொத்தமாக உள்ளே போயிருக்கின்றன.

"அப்படியா சார்?" என்றேன், யாரோ வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல.

"கணக்கு ஓடுனா மெஷின் சூடாகணும். ஒண்ணுகூட சூடாகலை. நான் இங்க குளிர்ல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன். என்ன கணக்கும்மா ஓட்டுறீங்க?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் சொன்னது இது:

"கடல் சார். காத்தில்லாத கடல்."

"அலையே இல்லையா?"

"இல்ல சார். ரொம்ப அமைதி."

மறுமுனையில் அவர் பட்டியலை மறுபடி எண்ணுவது கேட்டது.

"நாப்பது கடலா?"

அழுதுவிட்டேன். குடம் உட்பட எல்லாம் வெளியே வந்தது. அவர் திட்டவில்லை. "உங்களுக்குப் பின்னாடி செல்வி காத்திருக்காங்கம்மா. தீசிஸ்ல கடைசி ரன்" என்று மட்டும் சொன்னார். செல்வி அக்கா என் விடுதி அறைத்தோழி. ஆய்வேட்டுக்கான அந்த ஒரு கடைசிக் கணக்குக்காக ஊருக்குக்கூடப் போகாமல் இருந்தவர். எனக்கு வெட்கமாக இருந்தது, பயத்தைவிட அதிகமாக.

நாற்பதையும் அவரே நீக்கினார். "இன்னொண்ணும்மா. இத்தனை மணி நேரம் நீங்க மெஷினை ஓட்டுனதா பதிவாயிருச்சு. நிறைய எடுத்தவங்களை அது பின்னாடி தள்ளிரும். இனி உங்க ஜாப் கடைசிலதான்."

திரும்பி வந்தால் லாரியைக் காணோம். என் குடங்கள் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தன. அம்மா பக்கத்தில் நின்றார்.

"எங்கனடி போன?"

"போன் வந்துச்சும்மா. குடம் வரிசைலதான இருந்துச்சு?"

"குடம் இருந்தாப் போதுமா? லாரி வந்துட்டா ஆளு கண்ணுல தெரியணும்ல. ஆளில்லாத குடத்தத் தூக்கி ஓரமா வைக்கத்தான் செய்வாக. இது கூடத் தெரியாம அங்கன போயி என்னத்தப் படிக்கிற?"

குட வரிசைச் சட்டத்தில் பாதியை நான் மறந்திருந்தேன். எங்கள் தெருவில் ஆளில்லாத குடத்தை நகர்த்த ஆள் உண்டு. அந்த இயந்திரம் பாவம், முறை வந்த குடத்துக்கு ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறது.

வியாழக்கிழமை என் நிஜ ஜாப் வரிசையின் வாலில் இருந்தது. குழுவின் முன் வெறுங்கையோடு நின்றேன். நெறியாளர் யோசித்தார். ஆறு மாதம் தள்ளிப் பரிசீலனை என்று ஆனது. செல்வி அக்காவின் முடிவு ஒரு நாள் தாமதமாக வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் பேசினார்: "குளிக்கப் போகலாமா, இல்ல பாத்ரூம்லயும் குடம் வச்சிருக்கியா?"

ஒருவழியாக முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு வந்தது. அம்மாவும் அய்யாவும் வந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "காற்றே இல்லாத நிலையில் கடலை ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். முறையான கேள்விதான். பின்வரிசையில் செல்வி அக்காவும் கம்ப்யூட்டர் மையத்துப் பொறுப்பாளரும் சிரித்த சிரிப்பில் தேர்வு இரண்டு நிமிடம் நின்றது. என்னவென்று கேட்ட அம்மாவிடம் செல்வி அக்கா ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சாப்பிட்டுவிட்டு மதியம் கொஞ்சம் கண்ணயர்வேன். யாராவது வந்து என்னைத் தேடினால் அம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார்:

"உள்ளதான் இருக்கா. காத்தில்லாத கடல ஆராய்ச்சி பண்றா."

வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் அய்யா தலையைத் தூக்காமல் கேட்பார்:

"எத்தன கடலு?"