பி ஷிப்டுப் பண்டிதர்

உலகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், படிக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நெய்வேலியில் நன்றாக விளைகிறது. பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் ஆறரை மணிக்கு டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். பகலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க, பேராசிரியர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டிக்கொண்டு முதல் வரிசையில் ஒருவர் இருப்பார். கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்தான் பி ஷிப்டுப் பண்டிதர்.

இந்த இனம் எப்படி உண்டாயிற்று என்று கேட்பீர்கள். உழைக்கும் மக்கள் வேலை முடிந்த பிறகும் படிக்கட்டும் என்று பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று இங்கே மாலை வகுப்பு நடத்துகிறது. பொருளாதாரம், சரித்திரம், சட்டம், மனோதத்துவம், எது வேண்டுமானாலும் கேட்கலாம், பரீட்சை கிடையாது. ஆனால் நெய்வேலிக்காரனுக்கு வாரம் ஒரு ஷிப்டு. ஏ ஷிப்டு வாரத்தில் விடியற்காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவான், வகுப்புக்கு வரலாம். சி ஷிப்டு வாரத்தில் இரவு பத்து மணிக்குத்தான் வேலை. கொட்டாவி விட்டுக்கொண்டாவது வரலாம். பி ஷிப்டு வாரத்தில், பேராசிரியர் கரும்பலகையைத் துடைக்கிற நேரத்தில், இவன் சுரங்கத்தில் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருப்பான். ஆக, மூன்று வாரத்தில் ஒரு வாரப் பாடம் எல்லோருக்கும் போய்விடும். சாதாரண மனிதன் போனது போனது என்று சொல்லிவிடுவான். பண்டிதர் சொல்லமாட்டார். போன வாரத்தைச் சொந்த மூளையிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார்.

உதாரணத்துக்கு வைத்திலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேன், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மனைவி காலமான பிறகு அவர் குவார்ட்டர்ஸில் சாயங்கால வேளை மிகவும் நீண்டுபோயிற்று. மகள் சந்திரகலா ஆரம்பப் பள்ளி டீச்சர். நோட்டுத் திருத்துவாள், அதிகம் பேசமாட்டாள். கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்து எதிரே இருக்கிற நாற்காலியைப் பார்ப்பதைவிடப் பொருளாதாரம் எவ்வளவோ தேவலை என்று மனிதர் வகுப்பில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த மூன்றாம் மாதமே ஒர்க்ஷாப்பில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை என்றாகிவிட்டது. சரித்திர வகுப்பில் பிரெஞ்சு தேசத்து ராஜாவை அரண்மனையில் சௌக்கியமாக விட்டுவிட்டுப் பி ஷிப்டுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அங்கே குடியரசு நடக்கிறது. ராஜா என்ன ஆனார் என்று கேன்டீனில் யாரோ கேட்டார்கள். வைத்திலிங்கம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "காய்ச்சல்" என்றார்.

அடுத்தது சட்ட வகுப்பு. ரிஜிஸ்டர் கல்யாணம் எப்படிச் செய்வது என்று மூன்று வாரப் பாடம். முதல் வாரம், ஆபீசில் நோட்டீஸ் கொடுப்பது, வைத்திலிங்கம் இருந்தார். இரண்டாவது வாரம் பி ஷிப்டு. மூன்றாவது வாரம், மூன்று சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போடுவது, மறுபடியும் இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவரிடம் வேலை பார்க்கும் ஃபிட்டர் பழனிவேல், வளையமாதேவி கிராமத்துப் பையன், கேன்டீனில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகங்க. என் சிநேகிதக்காரன் ஒருத்தன் ரிஜிஸ்டர் கல்யாணம் கட்டிக்கணும்னு சொல்லிகினு இருக்கான். அது எப்டிங்க?"

"பொண்ணு வீட்ல சம்மதம் இல்லியா?"

"இன்னும் கேக்கலீங்க. வேற வேற சாதி. கேட்டா பொண்ணோட அப்பன் வெட்டிப்புடுவாரு."

"அந்த அப்பன் கெடக்கான், சட்டம் தெரியாத முட்டாப்பய. நோட்டீஸ் குடுக்கணும். மூணு சாட்சியோட கையெழுத்துப் போடணும். அன்னிக்கே முடிஞ்சுது."

"நடுவுல ஒண்ணும் இல்லீங்களா?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

சிநேகிதக்காரன் என்று யாரும் இல்லை. கல்யாணம் பழனிவேலுக்கு, பெண் சந்திரகலா. அந்த முட்டாப்பயல் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரமே இருவரும் விருத்தாசலம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். பழனிவேல் துணிப்பையில் மாலைகூட வைத்திருந்தான். அங்கிருந்த குமாஸ்தா நோட்டீஸை வாங்கிக்கொண்டு, இது முப்பது நாள் போர்டில் ஒட்டியிருக்கும், யாராவது ஆட்சேபணை சொன்னால் விசாரணை நடக்கும், சொல்லாவிட்டால் பிறகு வாருங்கள் என்றார். பழனிவேலுக்கு முகம் செத்துவிட்டது.

"டீச்சர், ஒங்கப்பாதான் சொன்னாரு, நடுவுல ஒண்ணும் இல்லேன்னு."

"அவர் பி ஷிப்டு பார்த்த வாரத்துப் பாடம் அது. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இப்ப எவனாச்சும் போர்டைப் பாத்துட்டுப் போயி ஒங்க வூட்ல சொன்னா? அவரு வந்து தடுத்துட்டாருன்னா?"

"சொல்லத்தான் சொல்லுவாங்க. ஆனா எப்படித் தடுக்கிறதுன்னு அப்பாவுக்குத் தெரியாது. யாரையாவது கேக்கணும்." சந்திரகலா குடையை விரித்தாள். "கேக்கமாட்டார்."

இப்படி ஒரு மனிதரின் கௌரவத்தை நம்பி ஒரு பெண் தன் கல்யாணத்தைப் பணயம் வைத்தாள்.

போர்டைப் பார்த்தது ஸ்டோர்ஸ் குமாஸ்தா ராமசாமி. பத்திரம் ஒன்றுக்காக விருத்தாசலம் போனவர், போன வேலையை மறந்துவிட்டு நேரே கேன்டீனுக்கு ஓடிவந்தார்.

"வைத்திலிங்கம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டுல உங்க பொண்ணு பேரு ஒட்டியிருக்கே. கூட நம்ம பழனிவேல் பேரு. உங்களுக்குத் தெரியுமா?"

இந்த இனத்தின் தொண்டையில் ஒரு குறைபாடு உண்டு. தெரியாது என்கிற சொல் அதன் வழியாக வராது. வைத்திலிங்கத்தின் முகம் வெளுத்தது, ஆனால் வாய் மட்டும் பழக்கப்படி, "தெரியுமே" என்றது.

"தெரிஞ்சுதானா? அந்தப் பையன் யாரு எவருன்னு..."

"எல்லாம் தெரியும்யா. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு."

சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஒர்க்ஷாப் முழுவதும் வைத்திலிங்கத்தின் பரந்த மனப்பான்மையைப் பேசத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் பரந்த மனப்பான்மை கத்தியது.

"இந்தக் கல்யாணம் நடக்காது. நான் ஆட்சேபணை குடுப்பேன்."

"குடுங்கப்பா. எப்படிக் குடுக்கணும்னு தெரியுமா?"

"தெரியும்."

சந்திரகலா சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

நாட்கள் ஓடின. கடைசி வாரத்தில், வகுப்பு முடிந்து பேராசிரியர் ஜீப்பில் ஏறப்போகும்போது வைத்திலிங்கம் போய் நின்றார்.

"சார், அந்த ஆட்சேபணை விஷயம்..."

"ஆமாமா, அன்னிக்கே விரிவாச் சொன்னேனே. முன் வரிசையிலதான் இருந்தீங்களே?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை சார், அன்றைக்கு நான் பி ஷிப்டு. வேறொன்றும் வேண்டாம். ஜாதி வேறு என்பதைச் சட்டம் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளாது என்று பேராசிரியர் சொல்லியிருப்பார், மனிதரும் அன்றிரவே தூங்கியிருப்பார். அதைத் தெரிந்துகொள்வதற்கும் முதலில் கேட்க வேண்டுமே.

"இருந்தேன் சார்," என்றார் வைத்திலிங்கம். "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

கல்யாண நாள் வந்தது. பழனிவேல் தரப்பில் மூன்று சாட்சிகள் ஏற்பாடு; கொளஞ்சியப்பன் என்கிற மூன்றாவது ஆளை டபுள் டியூட்டியில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் இரண்டு பேர்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்க, பழனிவேல் வாசலைப் பார்க்க, வாசலில் வைத்திலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

வைத்திலிங்கம் உள்ளே வந்தார். தலைகளை எண்ணினார். இது அவருக்குத் தெரிந்த பாடம்.

"மூணு சாட்சி இருக்கணும்," என்றார் அதிகாரியிடம். "ரெண்டு பேரை வெச்சு நடத்தினா செல்லாது."

"அது எனக்கும் தெரியும். நீங்க யாரு?"

சந்திரகலா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள், கெஞ்சவில்லை. அவர் பேசாமல் நின்றிருந்தால் போதும், அன்றைக்குக் கல்யாணம் இல்லை. மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகலாம். அவள் இந்தப் பக்கம் நோட்டுத் திருத்த, அவர் அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் எத்தனை சாயங்காலங்களை வேண்டுமானாலும் கழிக்கலாம்.

"மூணாவது சாட்சி," என்றார் வைத்திலிங்கம். "முதல்ல பொண்ணும் மாப்பிள்ளையும் போடட்டும் சார், அப்புறம்தான் சாட்சிங்க. பழனி, கையை ஆட்டாம போடு."

வாசகர்களே, சிரித்தாயிற்றா? உங்களுக்கு ஷிப்டும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. இது நம்மைப் பற்றி இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, இடையில் நீளமாக இருந்த ஒரு பத்தியைக் கண்ணால் தாண்டிவிட்டு வந்தீர்கள். பரவாயில்லை, கோபமில்லை. நாளைக்கு யாராவது, இதைப் படித்தீர்களா என்று கேட்பார்கள். அப்போது உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.