பதினோரு நாள் அழுக்கு

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வேட்டியின் ஓரத்தில் சாம்பார் பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். (முகத்தில் ஏதாவது இருந்தால் அது என் வேலையில் சேராது.) இருபத்தெட்டு வருஷமாகக் கொச்சியில் துணி வெளுத்து இஸ்திரி போடுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கூச்ச சுபாவம். வெளுக்கத் துணி வாங்கப் போனால் வீட்டு மணியை அடிக்க மாட்டேன். யாராவது தற்செயலாக வெளியே வரும்வரை கேட் அருகே நிற்பேன். மழையிலும் நின்றிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் ஒரு கல்லூரிக்குள் நுழைந்து, முப்பது பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசினேன். பேசிய விஷயம் தவறு. பேசிய இடம் தவறு. யாரிடம் பேசினேனோ அந்த ஆளும் தவறு. கையில் கொண்டுபோன சட்டை மட்டும் படு சுத்தமாக இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

எனக்கு ஒரே மகள், சிந்து. பி.காம். முடித்ததும் ஏதாவது ஆபீசில் உட்காருவாள் என்று நானும் என் மனைவி மகேஸ்வரியும் நினைத்திருந்தோம். அவளோ எம்.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னாள். என்ன எம்.ஏ. என்று கேட்டதற்கு, நாடகத்திலும் சினிமாவிலும் நடிக்கிறவர்களுக்கு உடுப்பு அமைக்கிற படிப்பு என்றாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: தையல், ஆனால் பரீட்சையோடு.

கல்லூரி திருப்பூணித்துறைப் பக்கம். தோப்பும்படியில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை. அதில் அவள் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தால் நாங்கள் இருவரும் வெளியே போய் நிற்க வேண்டும். அதனால் மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில், இரண்டு அறையும் நீளமாக ஒரு வராந்தாவும் உள்ள வீட்டுக்கு மாறினோம். கீழே நாள் முழுக்கச் சுக்கு மூட்டை ஏறும், இறங்கும். முதல் வாரம் மூன்று பேரும் முறைவைத்துத் தும்மினோம். வீட்டுக்காரச் சேட்டன், இன்னும் பத்து நாள் போனால் இந்த மணம் இல்லாமல் தூக்கம் வராது என்று ஆறுதல் சொன்னார்.

பாதிச் சாமான் இன்னும் சாக்கில்தான் கிடந்தது. சாதக் கரண்டி எந்தச் சாக்கில் என்று தெரியாமல் நான்கு நாள் டம்ளரால் சாதம் போட்டோம். ஆனால் சிந்துவின் வெட்டு மேசை மட்டும் முதல் நாளே தயார். ஒரு பழைய கதவை இரும்புக் காலில் ஏற்றி, மேலே கம்பளி விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து நானே ஆணி அடித்தேன். வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். தெருவில் தெரிந்தவர் யாராவது நலம் விசாரித்தால் "மோள் எம்.ஏ." என்பேன். விசாரிக்காவிட்டாலும் சொல்வேன். கூச்சக்காரனுக்கு இரண்டு சொல் போதும். எனக்கு அந்த இரண்டு கிடைத்திருந்தது.

குடிவந்து பத்தாம் நாள் அவளுக்கு முதல் பரீட்சை. அதில் தேறினால்தான் வருஷக் கடைசியில் போடுகிற பெரிய நாடகத்துக்கு உடுப்பு அமைக்கிற கூட்டத்தில் சேர்ப்பார்கள். தேறாதவர்களுக்கு மேடைக்குப் பின்னால் இஸ்திரி போடுகிற வேலை. (இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.) பரீட்சை என்றால் பேனாவும் பேப்பரும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அன்று காலை அவள் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். மகேஸ்வரி ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, வராந்தாக் கொடியில ஒரு சட்டை தொங்குது. அதை ஒரு மணிக்குள்ள சிந்து காலேஜுல கொண்டு போய்க் குடுக்கணுமாம். சார் கேட்டிருக்காராம்."

போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சட்டையைப் பார்த்ததில்லை. முதுகு முழுக்கச் சேறு. மார்பில் வெற்றிலைக் கறை. கையில் துரு. காலர் நார் நாராகக் கிழிந்திருந்தது. இரண்டு பொத்தானைக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலே, மாவு தூவினது போல ஏதோ தூசி.

சார் கேட்டிருக்கிறார் என்றால், சாருடைய சட்டை. வேறென்ன?

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிந்து ஆறாம் வகுப்பு படித்தபோது, அவளுடைய டீச்சர் ஒருவர் வெளுக்க வேண்டிய புடவைகளை அவள் புத்தகப் பையிலேயே கொடுத்து அனுப்புவார். திங்கள்கிழமை பெட்டிபோட்டு அவள் கையிலேயே கொடுத்தனுப்புவேன். ஒரு நாள் அவள், "அப்பா, டீச்சர்கிட்ட நீங்களே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். பள்ளி வாசல்வரை போனேன். மணி அடிக்காத ஆள், டீச்சரிடம் எப்படிப் பேசுவான்? திரும்பி வந்துவிட்டேன். வருஷம் முடியும்வரை அவள் அந்தப் புடவைகளைச் சுமந்தாள். அதற்கப்புறம் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது எம்.ஏ.விலும் அதே கதை. அதுவும் பரீட்சை நாளில். என்னிடம் நேரில் கேட்க வெட்கப்பட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என் பிள்ளை. அங்கேயே தீர்மானித்தேன். ஒன்று, இந்தச் சட்டையை எவனும் கண்டிராத விதத்தில் வெளுத்துக் கொடுப்பது. இரண்டு, கொடுக்கும்போது பேசுவது.

துருவுக்கு எலுமிச்சையும் உப்பும். வெற்றிலைக் கறைக்குச் சவுக்காரமும் வெயிலும், மறுபடி சவுக்காரமும் வெயிலும். சேறு முதல் அலசலிலேயே போய்விட்டது. (போகாமல் என்ன? அது முந்தின நாள் பூசிய சேறு என்று எனக்குத் தெரியாது.) காலரைப் பிரித்து, கிழிந்த பக்கத்தை உள்ளே தள்ளித் திருப்பித் தைத்தேன். ஐந்து பொத்தானும் ஒரே ஜாதியாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் மாற்றினேன். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் எடுத்துச் சிரட்டைக் கரிப் பெட்டியால் தேய்த்தேன். கடைசியாக, கைப் பழக்கத்தில், துணி மாறாமலிருக்கப் போடுகிற என் குறியையும் காலரின் உட்பக்கம் போட்டேன். ஒரு வட்டம், நடுவில் புள்ளி. அந்த மை துணி கிழிந்தாலும் போகாது. பதினொன்றரை மணிக்குச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபோது அது யாரும் போடாமலே நின்றது.

சிந்து அதற்குள் நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாள். என் போன் எந்தச் சாக்கில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

கசங்கக் கூடாதென்று சட்டையை அட்டைமேல் மடித்து, இரண்டு கையிலும் தட்டு ஏந்துவது போல ஏந்திக்கொண்டு எறணாகுளம் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து மெட்ரோ. முதல் தடவை. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். சட்டையை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மலையாளத்தில் மனப்பாடம் செய்தேன்.

ஒன்றே முக்காலுக்குக் கல்லூரி. வாட்ச்மேன் காட்டிய அறையில் எட்டிப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள். முன்னால் நாற்காலியில் தாடி வைத்த சார் ஒருவர், பக்கத்தில் வெளியிலிருந்து பரீட்சை நடத்த வந்த ஒரு மேடம். நடுவில் ஒரு பலகைமேல், கைலியும் தலைக்கட்டுமாக, மேல்சட்டை இல்லாமல் ஒரு மாணவர் நின்றார். கல்லூரிக்கு இப்படியா வருவார்கள் என்று நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் சிந்து, வாசலையே பார்த்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சட்டையைப் பார்த்ததும் அந்த முகம் எங்கே போனதோ தெரியவில்லை.

நான் நிற்கவில்லை. நின்றால் பேச்சு மறந்துபோகும். நேரே சாரிடம் போய், சட்டையை அவர் மடியில் வைத்து, என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"சாரே, என்ட மோள் இவிட படிக்கான் வந்நதா. துணி சுமக்கான் அல்ல."

இங்கே படிக்க வந்தவள், துணி சுமக்க வந்தவள் இல்லை என்று அர்த்தம். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

சார் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது யாருடையது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். அவர் தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அப்போது சிந்து முன்னால் வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகம். எல்லாருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னாள்: இது என் அப்பா. துணி வெளுக்கிறவர். பதினோரு நாள் உட்கார்ந்து நான் பழசாக்கிய சட்டையை ஒரே காலையில் புதுசாக்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நாடகத்தில் வருகிற ஒரு கிடங்குத் தொழிலாளியின் உடுப்பு அது. காலரை உப்புத்தாளாலும் தேங்காய்த் துருவியாலும் தேய்த்துக் கிழித்ததும் அவள்தான். வெற்றிலை, துரு, சேறு எல்லாம் கல்லூரியிலேயே வைத்து அவள் பூசியது. கடைசியாக எங்கள் கிடங்கின் அசல் சுக்குத் தூசி படவேண்டும் என்றுதான் ஒரே ஒரு ராத்திரி வீட்டுக் கொடியில் தொங்கவிட்டு, காலை மூட்டை ஏறுகிற தூசியும் சேரட்டும் என்று விட்டுப் போயிருக்கிறாள்.

தரை பிளந்தால் போய்விடலாம் என்று பார்த்தேன். சிமெண்டுத் தரை.

மேடம் சட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உங்கள் மகளின் வேலையை முழுசாகப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், அதை ஏன் சாருடைய சட்டை என்று நினைத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். தோள்பட்டையில் தேய்மானமே இல்லையே. மூட்டை தூக்குகிறவன் சட்டை முதலில் தோளில்தான் போகும். இது நாற்காலியில் உட்காருகிறவர் யாரோ எங்கேயோ சேற்றில் விழுந்து எழுந்த சட்டை என்று நினைத்தேன் என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. சிந்து மட்டும் சிரிக்கவில்லை. வெளுத்தது போதாதென்று, பரீட்சை நடத்துகிறவரிடமே என் மகளின் வேலையில் குற்றமும் சொல்லியிருந்தேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒரு வாரம் தருகிறோம், தோளிலிருந்து ஆரம்பித்து மறுபடி செய் என்றார் மேடம். அந்தச் சட்டையை இனிப் பழசாக்க முடியாது. என் கஞ்சியும் என் குறியும் அப்படி. புதுத் துணியிலிருந்து தொடங்க வேண்டும்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் சட்டையை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில், தோப்பும்படிப் பாலம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஆறாங்கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதைத்தானே இன்னிக்குச் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"அதைச் சொல்றதுக்கு இந்தச் சட்டைதான் கெடைச்சுதா அப்பா?"

அப்புறம்தான் சிரித்தாள். மட்டாஞ்சேரி ஸ்டாப்பில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டில் மகேஸ்வரிக்கும் எனக்கும் அன்று ஆரம்பித்த வழக்கு இன்னும் தீரவில்லை. "வெளுக்கணும்னு நான் சொன்னேனா?" என்பாள் அவள். வெளுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்பேன் நான்.

அந்த வாரம் சிந்து என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. கேட்டால் வெளுத்துவிடுவேன் என்று பயந்திருக்கலாம். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து கீழே மூட்டை தூக்குகிற சேட்டன்மாரையே பார்த்து நோட்டில் வரைந்தாள். இடது தோளில் தூக்குகிறவர் யார், துண்டை மடித்துப் போடுகிறவர் யார் என்று எழுதிக்கொண்டாள். புதுச் சட்டை தயாரானபோது நான் அதிலிருந்து நாலு அடி தள்ளியே நின்று பார்த்தேன். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைப் போட்டிருந்தவர் இருபது வருஷம் சுமை தூக்கியவர் என்று என் கண்ணே சொன்னது. தேறினாள். வருஷக் கடைசி நாடகத்தில் பதினான்கு பேருக்கு அவள் உடுப்பு. முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், வெளுத்துக் கஞ்சி போட்ட அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு. எனக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நாடகத்தில் எல்லா உடுப்பும் ஒரே அழுக்கு. அவ்வளவு அழுக்கைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எங்கும் வந்ததில்லை.

எங்கள் வராந்தாக் கொடியில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. சிந்து படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் பேசுவாள், எழுத வராது. எனக்காக அம்மாவிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "அப்பா, இது அழுக்கு இல்லை. படிப்பு." அவள் ஏதாவது உடுப்பைக் கொடியில் தொங்கவிட்டால் அட்டையும் கூடவே தொங்கும். துணி கொடுக்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். முழுக் கதையையும் சொல்வேன். இப்போதெல்லாம் எனக்கு இரண்டு சொல் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வேலை பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் வேர்வையும் கரியுமாக வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். போய்க் குளியுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்த மகேஸ்வரி, கொடியிலிருந்து அந்த அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள். கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கழற்றவில்லை. சாயா குடித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.