இறந்தாரா? இல்லை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்துகொண்டு படி.

எங்கள் பதிவு அலுவலகத்துப் பழைய டேட்டாபேஸுக்குப் புதிய புரோகிராம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள் அல்லவா, அதில் ‘இறந்தாரா?’ என்று ஒரு கட்டம். ‘ஆம்’ இருக்கலாம், ‘இல்லை’ இருக்கலாம், காணாமல் போனவர்களுக்குக் காலியாகவும் இருக்கலாம். ஆனால் புரோகிராமில் நான் அதற்குக் கொடுத்த டேட்டா வகைக்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும், காலியைக் கண்டால் அது பாட்டுக்கு ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும், நான் அதைக் கவனிக்கவில்லை, காணாமல் போன நாற்பத்து மூன்று பேரும் ஒரே நொடியில் இறக்காதவர்களாகி, ‘அடையாள அட்டைக்கு நேரில் வரவும்’ என்று அவர்களுக்கும் கடிதம் போய்விட்டது. எந்த முகவரிக்கு என்று கேட்காதே, அந்தக் கட்டமும் காலிதான்.

மேலாளர் குதி குதியென்று குதித்தார். “நல்லவேளை, யாரும் வரப்போறதில்ல” என்று அவரே சமாதானமும் ஆனார். இன்று காலை பத்து மணிக்கு நாற்பத்து மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. சுள்ளென்று வெயில், எல்லாருடைய செருப்பும் ஈரம்.

கவுன்டர் அம்மா ஓடி வந்தார். “சார், கேமரால ஒரு முகமும் விழல. ஆனா ஃபார்ம்ல ஒரு தப்பில்ல!”

மேலாளர் ஃபார்ம்களைப் புரட்டிப் பார்த்தார். “ஃபார்ம் சரின்னா டோக்கன் குடுங்க.”

ஏழாவது நாற்காலியில் நம் அத்தான், அக்கா! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன மனுஷன். அதே சட்டை. முடி வெட்டவே இல்லை.

“எங்க போனீங்க அத்தான்?”

“தெரியல மாப்ளே. எங்கயுமே இல்லாம இருந்தேன். கடுதாசி வந்துச்சு, வந்துட்டேன். உங்கக்கா இன்னும் கோவமா இருக்காளா?”

“கோவமெல்லாம் போயி நாலு வருஷமாச்சு.”

“அப்ப இன்னும் பயமா இருக்கே” என்றார்.

சாயங்காலத்துக்குள் திருத்தச் சொல்கிறார் மேலாளர். காலியையும் ஏற்கும் வகையாக மாற்ற ஒரே ஒரு வரிதான், ஆனால் கை ஓடவில்லை. ரெண்டு நாளாகும் என்று கூசாமல் புளுகிவிட்டேன். இந்தக் கடிதத்தை அத்தானிடமே கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் திட்டாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் நல்லதையே நினைக்கும்,
தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டுவதற்குள் மேலாளரே அந்த வரியைத் திருத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை நாற்காலியும் காலி. அதனால் தபாலில் அனுப்புகிறேன். ஆனாலும் அக்கா, கதவு தட்டுற சத்தம் கேட்டா, ‘யாரது’ன்னு கேட்டுட்டு நிக்காத. முதல்ல திற.